மேகத்துக்குள் மறையும் அடிவானம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆம் நாள். முற்பகல் 11 மணி 48 நிமிடத்துக்குக் கோவைக்கு அருகிலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் ஒன்று புறப்பட்டது. ரஷ்யாவில் தயாரான எம்.ஐ.17 வி5 என்னும் வகையைச் சேர்ந்தது அது. இரண்டு எஞ்சின்கள் கொண்டது. உள்ளே 14 பேர் இருந்தனர். இந்திய முப்படைகளின் முதல் தலைமைத் தளபதியான ஜெனரல் பிபின் ராவத்தும் அவருடைய துணைவியாரும் அவர்களுள் இருவர். நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள படைத்துறைக் கல்லூரிக்கு அவர்கள் சென்று கொண்டிருந்தனர். 12 மணி 15 நிமிடத்துக்கு அங்கே இறங்க வேண்டும்.

12 மணி 8 நிமிட அளவில் ஹெலிகாப்டருடன் இருந்த வானொலித் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில் அது விழுந்து தீப்பற்றியது. ஊர் மக்களே முதலில் ஓடி வந்து உதவினர். 13 பேர் அன்றே இறந்தனர். எஞ்சிய ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங், தீக்காயங்களுடன் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15ஆம் நாள் பெங்களூரில் உயிர் நீத்தார்.

முப்படைகளின் விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தன் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, சதிச்செயல் இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராத வகையில் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. அதனால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. இதுவே அம்முடிவுகளின் சாரம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஓர் ஐயம் எழும். மேகம் என்பது வெறும் நீர்த்துளிகள்தாமே? எஞ்சின்கள் நன்றாக ஓடுகின்றன; விமானியோ தேர்ந்த பயிற்சி பெற்றவர். அப்படியிருக்க, மேகம் எப்படி ஓர் ஊர்தியை வீழ்த்தும்? இதற்கு விடை காண இயற்பியலும் வேண்டும், உயிரியலும் வேண்டும். இரண்டும் உங்கள் பாடநூல்களில் உள்ளவையே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலையில் மேகம் பிறக்கும் விதம்

சூலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 380 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெலிங்டன் 1,800 மீட்டருக்கும் மேலே உள்ளது. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு 60 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயர வேண்டும்.

ஹெலிகாப்டரைப் போலவே காற்றும் இந்த மலையில் ஏறுகிறது. சமவெளியிலிருந்து வரும் காற்று மலையில் மோதியதும் மேலெழுகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. ஆகவே அது விரிகிறது. விரியும் வாயு குளிரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து விட்டால் சீறி வரும் காற்று விரலில் குளுமையாகப் படுகிறதல்லவா? அதே விதிதான். மேலெழும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது.

காற்றில் நீராவி உண்டு. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அந்த நீராவி துளியாகத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்கிறோம். காற்று மேலேறும்போது பனிநிலையும் சற்றே இறங்கும். ஆனால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி மட்டுமே. ஆகவே வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளி 100 மீட்டருக்கு 0.8 டிகிரி வீதம் சுருங்குகிறது. அதாவது, 1 டிகிரி இடைவெளி அடைபடக் காற்று 125 மீட்டர் ஏற வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (இவை அன்றைய அளவுகள் அல்ல, கணக்குக்காகக் கொண்டவை.) சூலூரில் காற்றின் வெப்பநிலை 28 டிகிரி, பனிநிலை 20 டிகிரி. இடைவெளி 8 டிகிரி. 8ஐ 125ஆல் பெருக்கினால் 1,000 மீட்டர். சூலூரின் உயரத்தையும் கூட்டினால் கடல் மட்டத்திலிருந்து 1,380 மீட்டர். அந்த உயரத்தில் மேகத்தின் அடிப்பகுதி தொடங்கிவிடும். வெலிங்டனோ அதற்கு மேலே இருக்கிறது! சமவெளியில் நிற்பவர் அண்ணாந்து பார்த்து, "மலைமேல் மேகம் கவிந்திருக்கிறது" என்பார். அதே நேரத்தில் மலைச்சரிவில் நிற்பவர், "மூடுபனி" என்பார். இருவரும் சொல்வது ஒன்றையே.

இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றின் ஈரம் சிறிது கூடி, பனிநிலை 2 டிகிரி உயர்ந்தால் போதும். மேகத்தின் அடி 250 மீட்டர் கீழே இறங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை நீலகிரியின் கிழக்குச் சரிவுகளுக்குக் கொண்டு வருகிறது. பள்ளத்தாக்குகள் வளைந்தும் குறுகியும் செல்வதால் ஒரு மடிப்பில் வெயிலும் அடுத்த மடிப்பில் மேகமும் இருப்பது அங்கே வழக்கம். சில நிமிடங்களில் இவை இடம் மாறியும் போகும்.

அரை கிராம் நீரின் ஆற்றல்

அடர்ந்த மேகத்தில் ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் நீர், ஏறத்தாழ அரை கிராம்தான். அதை ஒரே துளியாகத் திரட்டினால் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஆகும். ஒரு கோலிக்குண்டை விடச் சிறியது. அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தைத்தான் மறைக்கும். பிறகு மேகம் எப்படி மலையையே மறைக்கிறது?

மேகத் துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். அந்த உருண்டையின் விட்டத்தில் 500இல் ஒரு பங்கு. நீரின் அளவு மாறாமல் விட்டம் மட்டும் 500 பங்கு குறைந்தால், துளிகளின் எண்ணிக்கை 500 x 500 x 500 மடங்காகும். அதாவது 12 கோடிக்கும் மேல். ஒவ்வொரு துளியும் மறைக்கும் பரப்பு 500 x 500 பங்கு குறையும். பெருக்கிப் பார்த்தால், எல்லாத் துளிகளும் சேர்ந்து மறைக்கும் பரப்பு 500 மடங்கு கூடிவிடுகிறது. அதே அரை கிராம் நீர், பொடியாக்கப்பட்டதும் ஒளியைச் சிதறடிக்கும் வெண்திரை ஆகிவிடுகிறது. இத்தகைய மேகத்துக்குள் கண்ணுக்கு எட்டும் தூரம் 50 மீட்டர் அளவுக்குக் கூடக் குறைந்துவிடும்.

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டர் ஒரு வினாடியில் 50 மீட்டர் செல்கிறது. 200 மீட்டர் வரை கண் தெரிந்தால், எதிரே உள்ள பாறை தென்பட்டதிலிருந்து மோதும் வரை 4 வினாடிகள். 50 மீட்டர் வரை மட்டுமே தெரிந்தால் ஒரே வினாடி. பார்க்க வேண்டும், பாறை என்று உணர வேண்டும், எப்பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய வேண்டும், கையும் காலும் இயங்க வேண்டும், பல டன் எடையுள்ள ஊர்தி அதற்கு இணங்கித் திரும்ப வேண்டும். ஒரு வினாடியில் இவையெல்லாம் முடிகிற காரியமா?

இது மேகம் செய்யும் முதல் தீமை. இரண்டாவது இதைவிட நுட்பமானது. மேகம் மலையை மட்டும் மறைப்பதில்லை; அடிவானத்தையும் மறைத்துவிடுகிறது.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் உட்செவியிலும் அதுபோன்ற கருவி ஒன்று உண்டு. அதற்கு இரு பகுதிகள்.

முதற்பகுதி மூன்று அரைவட்டக் குழல்கள். ஓர் அறையின் மூலையில் மூன்று விளிம்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திப்பதைப் போல இவை அமைந்துள்ளன. குழலுக்குள் திரவம் உள்ளது. தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்புகிறது. ஆனால் நிலைமத்தின் காரணமாகத் திரவம் பின்தங்குகிறது. அது நுண்ணிய உணர்வு மயிர்களை வளைக்கிறது. "திரும்புகிறோம்" என்ற செய்தி மூளைக்குப் போகிறது.

இரண்டாம் பகுதி இரண்டு சிறு பைகள். அவற்றில் உணர்வு மயிர்களின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் பொடியாகப் படிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் படிகங்கள் சரிந்து மயிர்களை இழுக்கும். கீழ் எது, மேல் எது என்பதை இவை சொல்கின்றன.

தரையில் நடந்து திரியும் உயிர்க்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. ஆனால் இதில் மூன்று குறைகள் உண்டு. கண்ணின் உதவி இருக்கும் வரை அவை வெளியே தெரிவதில்லை.

முதற்குறை: மிக மெதுவான சுழற்சியைக் குழல்கள் உணர்வதில்லை. வினாடிக்கு 1 பாகை வீதம் ஒருபுறம் சாய்ந்துகொண்டே வந்தால், 20 வினாடிகளில் 20 பாகை சாய்ந்த பிறகும் "நேராகத்தான் இருக்கிறோம்" என்றே தோன்றும்.

இரண்டாம் குறை: ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால், 10, 20 வினாடிகளில் திரவமும் குழலின் வேகத்தை எட்டிவிடும். மயிர்கள் நிமிர்ந்துவிடும். சுழற்சி நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் சுழற்சி நிற்கும்போதோ திரவம் மட்டும் தொடர்ந்து ஓடும். அப்போது எதிர்ப்புறம் சுழல்வதாகத் தோன்றும்.

மூன்றாம் குறை எல்லாவற்றிலும் பெரியது. அதைக் காண்பதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்து பார்த்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

சோதனை 1: சுழலும் நாற்காலி ஒன்றில் நண்பரை அமர்த்தி, கண்களைத் துணியால் கட்டுங்கள். கால்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்பக்கம் சுழல்கிறாரோ அப்பக்கம் அவர் கைவிரலை நீட்டிக் காட்ட வேண்டும். நாற்காலியை மெதுவாகவும் ஒரே சீராகவும் சுழற்றுங்கள். அரை நிமிடத்துக்குள், சுழன்றுகொண்டிருக்கும்போதே, "நின்றுவிட்டது" என்பார். இப்போது வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். அசையாமல் அமர்ந்திருப்பவர், எதிர்ப்பக்கம் சுழல்வதாக விரலைக் காட்டுவார்! (இருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். நண்பர் உடனே எழுந்து நிற்கக் கூடாது.)

சோதனை 2: தூக்குவாளி ஒன்றில் பாதி நீர் ஊற்றுங்கள். கைப்பிடியைப் பற்றி ஊசல் போல முன்னும் பின்னும் வீசுங்கள். வாளி சாய்கிறது. ஆனால் உள்ளே உள்ள நீரின் மட்டம் எப்போதும் வாளியின் அடிப்பாகத்துக்கு இணையாகவே இருப்பதைக் காண்பீர்கள். வாளிக்குள் ஓர் எறும்பு இருந்து, வெளியே எதையும் பார்க்க முடியாமல், நீர் மட்டத்தை மட்டும் பார்த்தால் வாளி சாய்ந்திருப்பதை அது அறியுமா? அறியாது.

மேகத்துக்குள் சிக்கிய விமானியின் நிலையும் அந்த எறும்பின் நிலையும் ஒன்றே.

சாய்ந்தும் நேராக இருப்பதாகத் தோன்றுவது ஏன்?

ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் பெரிய ரோட்டார் காற்றைக் கீழே தள்ளுகிறது. அதனால் மேல்நோக்கிய தூக்குவிசை பிறக்கிறது. நேராகப் பறக்கும்போது தூக்குவிசையும் எடையும் சமம். இருக்கை விமானியைத் தாங்கும் விசை அவருடைய எடைக்குச் சமம். அது அவருடைய முதுகெலும்பின் வழியே மேல்நோக்கி அமைகிறது.

இப்போது ஹெலிகாப்டர் ஒருபுறம் 20 பாகை மெல்லச் சாய்ந்துவிட்டது என்று கொள்வோம். தூக்குவிசையின் அளவு மாறவில்லை. திசை மட்டும் அதே 20 பாகை சாய்ந்துவிட்டது. விமானியும் ஊர்தியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டார். இருக்கை அவரைத் தாங்கும் விசை அதே அளவு. அதே முதுகெலும்பின் வழியே! ஆகவே உட்செவியின் படிகங்கள் சரிவதில்லை. உடலில் எந்த மாறுதலும் தோன்றுவதில்லை. பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் ஒருபக்கம் தள்ளப்படுகிறோம். ஏனெனில் பேருந்து சாய்வதில்லை. வானூர்தியோ சாய்ந்து திரும்புகிறது. ஆகவே தள்ளுவதே இல்லை.

வெளியே நடப்பது வேறு. சாய்ந்த தூக்குவிசையை இரண்டு கூறுகளாகப் பிரியுங்கள். செங்குத்துக் கூறு, தூக்குவிசையை 20 பாகையின் கொசைனால் பெருக்கக் கிடைப்பது. அது 0.94. எடையில் 6 சதவீதம் தாங்கப்படாமல் நிற்கிறது. 9.8இல் 6 சதவீதம் ஏறத்தாழ 0.6. ஆகவே ஊர்தி வினாடிக்கு வினாடி 0.6 மீட்டர் வீதம் கீழ்நோக்கி முடுக்கம் பெறத் தொடங்குகிறது. காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 10 வினாடிகளில் ½ x 0.6 x 100 = 30 மீட்டர் இறங்கிவிடும்.

கிடைக்கூறு 20 பாகையின் சைன் அளவு, 0.34. அது ஊர்தியைப் பக்கவாட்டில் இழுத்து வட்டப் பாதையில் திருப்புகிறது. வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 4 பாகை திசை மாறும். ஒன்றரை நிமிடத்தில் முழு வட்டமே அடித்துவிடும்.

தொகுத்துப் பாருங்கள். ஊர்தி சாய்கிறது, இறங்குகிறது, திரும்புகிறது. உள்ளே இருப்பவருக்கோ நேராகச் செல்வது போன்ற உணர்வு. கருவியைப் பார்த்துச் சாய்வைச் சரி செய்தாலும் தொல்லை தீராது. இரண்டாம் குறையின் காரணமாக, நிமிர்ந்ததும் எதிர்ப்புறம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். மறுபடியும் பழைய சாய்வுக்கே திரும்பச் சொல்லி உடல் வற்புறுத்தும். இதுவே திசையுணர்வுக் குழப்பம். இது மயக்கமன்று, அச்சமன்று, அறிவுக் குறைவுமன்று. நல்ல காது, தனக்குத் தெரிந்த வேலையைத் தவறாமல் செய்வதன் விளைவு!

1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தனர். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரிடம் சிறு விமானத்தை ஒப்படைத்து, வெளியே பார்க்க முடியாதபடி செய்தனர். உடன் ஆசிரியரும் இருந்தார். 20 பேரும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறினர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 வினாடிகள்; மூன்று நிமிடத்துக்கும் குறைவு. படைத்துறை விமானிகள் கருவிப் பயிற்சி பெற்றவர்கள். ஆகவே இந்த எண் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் காது எல்லோருக்கும் ஒன்றுதான்.

2020 ஜனவரி 26ஆம் நாள் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேரை ஏற்றிச் சென்ற பயணி ஹெலிகாப்டர், மேகத்துக்குள் புகுந்து குன்றில் மோதியது. 4,000 அடி உயரத்துக்கு ஏறிக்கொண்டிருப்பதாக அதன் விமானி வானொலியில் தெரிவித்தார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. திசையுணர்வுக் குழப்பத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

காதை நம்பாதே, கருவியை நம்பு

இந்த ஏமாற்றை வெல்ல மனிதன் கண்ட வழி, பம்பரத்தின் வழியே ஆகும். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. கைராஸ்கோப் என்பது சட்டங்களுக்குள் தொங்கவிட்ட பம்பரமே. ஊர்தி எப்படிச் சாய்ந்தாலும் அதன் அச்சு மாறாமல் நிற்கும். இதைக் கொண்டு செய்யப்பட்டதுதான் செயற்கை அடிவானம் என்னும் கருவி. அதில் நீலப் பாதி வானம், பழுப்புப் பாதி தரை, நடுக்கோடு அடிவானம். மேகம் மறைத்த அடிவானத்தை இக்கருவி விமானியின் கண்முன் வரைந்து காட்டுகிறது. இக்காலத்தில் சுழலும் சக்கரத்துக்குப் பதிலாக ஒளிக்கதிரையும் மின்னணுவியலையும் கொண்டு இதே பணியைச் செய்கின்றனர்.

1929 செப்டம்பர் 24ஆம் நாள் அமெரிக்கப் படை விமானி ஜேம்ஸ் டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய அறையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை மேலேற்றி, வட்டமடித்து, கீழே இறக்கினார். குருட்டுப் பறப்பு என்று அதற்குப் பெயரிட்டனர். இன்று ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் விமானங்கள் மேகங்களுக்கிடையே பத்திரமாகப் பறப்பதற்கு அதுவே தொடக்கம்.

அப்படியானால் ஹெலிகாப்டருக்கு மட்டும் ஏன் தொல்லை? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஹெலிகாப்டர் இயல்பிலேயே நிலைப்புக் குறைந்தது. இறக்கை விமானம் கையை எடுத்தாலும் சிறிது நேரம் நேராகச் செல்லும். ஹெலிகாப்டரில் இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் ஓயாத வேலை. தானியங்கிக் கருவி உதவும் என்றாலும், கண்ணால் பார்த்துப் பறந்துகொண்டிருந்தவர் திடீரென மேகத்துக்குள் நுழைந்ததும், பார்வையை வெளியிலிருந்து கருவிகளுக்கு மாற்றி அவற்றை நம்பத் தொடங்கச் சில வினாடிகள் ஆகின்றன. அந்தச் சில வினாடிகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, ஹெலிகாப்டர் தாழப் பறப்பது. பயணி விமானத்துக்குக் கீழே பத்துக் கிலோமீட்டர் வெற்றிடவெளி உண்டு, தவறினால் திருத்திக்கொள்ளலாம். பள்ளத்தாக்கில் செல்லும் ஹெலிகாப்டருக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது, உயரம் காட்டும் கருவிகளின் இயல்பு. காற்றழுத்த உயரமானி கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைக் கணக்கிடுகிறது. 1,700 மீட்டர் என்று அது காட்டும். எதிரே உள்ள மலை 1,900 மீட்டர் என்பது அதற்குத் தெரியாது. வானொலி உயரமானி அலையை நேர்கீழே அனுப்பித் தரையின் தூரத்தை அளக்கிறது. ஆனால் முன்னே பார்ப்பதில்லை. 30 பாகை சரிவுள்ள மலையை நோக்கி வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் மட்டமாகச் சென்றால், ஒவ்வொரு வினாடியும் தரை 29 மீட்டர் நெருங்கி வரும். 150 மீட்டர் இடைவெளி 5 வினாடிகளில் தீர்ந்துவிடும்!

இதற்காகவே தரை எச்சரிக்கைக் கருவி உருவாக்கப்பட்டது. நிலப்பரப்பின் மேடுபள்ளங்கள் முழுவதும் அதன் நினைவகத்தில் பதிந்துள்ளன. செயற்கைக் கோள்களின் உதவியால் ஊர்தியின் இடத்தை அறிந்து, செல்லும் பாதையில் மலை குறுக்கிட்டால் முன்கூட்டியே குரல் கொடுக்கும். ஆயினும் எந்தக் கருவியையும் விடச் சிறந்தது ஒரு பழைய விதி: மேகம் நெருங்குவதைக் கண்டால் நுழைவதற்கு முன்பே திரும்பு, நுழைந்துவிட்டால் ஊர்தியை மட்டமாக்கு, மலைகளுக்கு மேலான உயரத்துக்கு ஏறு, கருவியை மட்டும் நம்பு.

"மனிதத் தவறு" என்னும் சொல்

நல்ல நிலையிலுள்ள ஊர்தி, விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவர் அறியாமல் தரையிலோ மலையிலோ மோதும் விபத்துக்கு விமானத் துறையில் தனிப்பெயரே உண்டு. கட்டுப்பாட்டில் இருக்கையில் தரையில் மோதுதல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். குன்னூர் விபத்தை விசாரணைக் குழு இந்த வகையில்தான் சேர்த்தது. விபத்துக்கு மறுநாள் கண்டெடுக்கப்பட்ட பறப்புப் பதிவு கருவியும், விமானியறைக் குரல் பதிவு கருவியும், கண்டோரின் சாட்சியங்களும் இம்முடிவுக்குத் துணை செய்தன. கருப்புப் பெட்டி என்று அழைக்கப்பட்டாலும் இடிபாடுகளுக்கிடையே எளிதில் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு ஆரஞ்சு வண்ணமே பூசப்படுகிறது.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு அளித்த அறிக்கையில், இதே விபத்தின் காரணம் "மனிதத் தவறு" என்று பட்டியலிடப்பட்டது. கவனக்குறைவு இல்லை என்று முன்பு சொன்னார்களே, இது முரண் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். முரண் இல்லை. இயந்திரம் தவறவில்லை என்றால், விபத்து வகைப்பாட்டில் எஞ்சி நிற்பது மனிதக் கூறுதான். காது ஏமாற்றப்பட்டதும் அதில் அடங்கும். அதை அலட்சியம் என்று பொருள் கொள்வது சரியாகாது. இரண்டையும் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1994 ஜூன் 2ஆம் நாள் மாலை, பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று வட அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் பகுதிக்குப் புறப்பட்டது. கிண்டைர் முனை என்னும் கடலோர மலையில் அப்போது மேகம் கவிந்திருந்தது. ஹெலிகாப்டர் அந்தச் சரிவில் மோதியது. 25 பயணிகளும் பணியாளர் 4 பேரும் மாண்டனர். அந்த ஊர்தியில் பறப்புப் பதிவு கருவியும் இல்லை. குரல் பதிவு கருவியும் இல்லை. கடைசி நிமிடங்களில் நடந்தது என்ன என்று சொல்ல எவரும் எஞ்சவில்லை. ஆயினும் 1995இல் விமானப்படையின் இரு மூத்த அலுவலர்கள், விமானிகள் இருவரும் பெருங்கவனக்குறைவு உடையவர்கள் என்று தீர்ப்பளித்தனர்.

இறந்த விமானியைக் கவனக்குறைவு உடையவர் என்று சொல்ல வேண்டுமானால் எள்ளளவும் ஐயம் இருக்கக் கூடாது என்பது அப்படையின் அன்றைய விதி. 1996இல் ஸ்காட்லாந்து நீதிமன்ற விசாரணை, காரணத்தை உறுதி செய்ய இயலாது என்றது. 2002இல் பிரபுக்கள் சபையின் குழு, அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் போதாது என்றது. விமானிகளின் குடும்பங்கள் ஓயாது வாதாடின. 2011 ஜூலையில், பிலிப் பிரபுவின் மறுஆய்வுக்குப் பின், பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. அரசு அக்குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. 17 ஆண்டுகள் ஆயின.

இதிலிருந்து அறிவியல் மாணவர் கற்க வேண்டியது ஒன்று உண்டு. "யார் தவறு?" என்று கேட்பது எளிது. "எப்படி நேர்ந்தது?" என்று கேட்பது கடினம். முதற்கேள்விக்கு விடை கிடைத்ததும் ஆராய்ச்சி நின்றுவிடும். இரண்டாம் கேள்வியோ மலைப்பாதையில் கூடுதல் வானிலை நிலையங்களைக் கேட்கும். எச்சரிக்கைக் கருவியைக் கேட்கும். மேகப் பறப்புக்கு இடைவிடாத பயிற்சியைக் கேட்கும். புறப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் துணிவையும் கேட்கும். அடுத்த ஹெலிகாப்டரில் செல்பவரைக் காப்பது இரண்டாம் கேள்வியே. ஆதாரம் இல்லாத இடத்தில் "தெரியவில்லை" என்று சொல்வதும் அறிவியலின் கடமைகளுள் ஒன்று.

அடுத்த முறை மலைமேல் மேகம் கவிவதைக் காணும்போது, வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையே உள்ள அந்தச் சில டிகிரிகளை எண்ணிப் பாருங்கள்.

பயிற்சிக்குச் சில வினாக்கள்

1. சமவெளியில் வெப்பநிலை 26 டிகிரி, பனிநிலை 22 டிகிரி. மேலெழும் காற்று எத்தனை மீட்டர் ஏறியதும் மேகமாகும்?

2. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஹெலிகாப்டரில் 100 மீட்டர் வரைதான் கண் தெரிகிறது. பாறை தென்பட்ட பின் எத்தனை வினாடிகள் உள்ளன?

3. தூக்குவிசை மாறாமல் ஹெலிகாப்டர் 30 பாகை சாய்ந்தால், எடையில் எத்தனை சதவீதம் தாங்கப்படாமல் நிற்கும்?

4. சோதனை 1இல் கண் கட்டை அவிழ்த்துவிட்டால் நண்பர் ஏமாறுவதில்லை. ஏன்?

(விடைகள்: 1. 500 மீட்டர். 2. இரண்டரை வினாடிகள். 3. ஏறத்தாழ 13 சதவீதம். நான்காவதற்கு விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, தேடிக் கண்டுகொள்ளுங்கள்.)